உங்கள் வண்டி நிற்பது காற்றின் மேல்

டயர் சர்வீஸுக்கு வரும் எந்தக் காரானாலும் நான் முதலில் செய்வது காற்றழுத்தத்தை அளப்பதுதான். 33 பவுண்டு (ஒரு சதுர அங்குலத்தில் காற்று தள்ளும் பலம், அதாவது psi) இருக்க வேண்டிய டயரில் 24, 22 என்று காட்டுவது சர்வ சாதாரணம். சொன்னால், "டயர் புதுசுதான் அண்ணே, பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். விலை கொடுத்து வாங்கிய நல்ல ரப்பர் வண்டியைத் தாங்கிக்கொள்ளும் என்பது பலருடைய நம்பிக்கை. நெடுஞ்சாலையில் டயர் வெடித்து நிற்கும் வண்டிகளை அடிக்கடி பார்க்கிறவன் என்பதால், இந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்று எனக்குத் தெரியும். வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே அடைத்து வைத்திருக்கும் காற்று. ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் உறை மட்டுமே. இதைப் புரிந்துகொள்ள, டயர் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்வதைவிட நல்ல வழி இல்லை.

1800-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஓடிய குதிரை வண்டிகளுக்கு மரச் சக்கரம், அதன் மேல் இரும்புப் பட்டா. சாலையில் கல்லோ பள்ளமோ வந்தால் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு வரை அடி விழும். இதைக் குறைக்க வண்டியின் கூண்டைத் தோல் வார்களில் தொங்கவிட்டார்கள். 1804-இல் ஒபடையா எலியட் என்ற இங்கிலாந்துக்காரர் இரும்புப் பட்டைகளை அடுக்கி நீள்வட்ட வில் செய்து காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு லாரிக்கு அடியில் பார்க்கிற லீஃப் ஸ்பிரிங் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இவை எல்லாம் மேலே உட்கார்ந்திருப்பவரைத்தான் காப்பாற்றின. சக்கரமும் அச்சும் ஒவ்வொரு கல்லிலும் முழு அடியையும் வாங்கிக்கொண்டிருந்தன. சக்கரம் கல்லின் மேல் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதற்கான பலத்தைக் குதிரைதான் கொடுத்தாக வேண்டும்.

அதிர்வை அது பிறக்கும் இடத்திலேயே, அதாவது சக்கரம் தரையைத் தொடும் இடத்திலேயே பிடிக்க வேண்டும் என்று கண்டவர் ராபர்ட் வில்லியம் தாம்சன். ஸ்காட்லாந்தின் ஸ்டோன்ஹேவனில் பிறந்தவர். 1845 டிசம்பரில் காப்புரிமை பெற்றபோது அவருக்கு வயது 23. காலமும் அவருக்குச் சாதகமாக இருந்தது. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது நிலையாக இருக்கும் என்பதை அமெரிக்காவில் சார்லஸ் குட்இயரும் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் காட்டியது அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான்.

தாம்சன் செய்த சக்கரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கித்தான் துணியை ரப்பர் கரைசலில் ஊறவைத்து, பல மடிப்பாக ஒட்டி, காற்றுப் புகாத குழாய் ஒன்றைச் செய்தார். அதன் மேல் தடிமனான தோல் உறை. தோலை ரிவெட் அடித்து இணைத்து, சக்கரத்தின் விளிம்பில் வரிசையாக போல்ட் போட்டு இறுக்கினார். காற்று ஏற்ற ஒரு சிறு குழாய், அதை அடைக்கத் திருகு மூடி. காற்றுக்கு ஒரு பை, தேய்மானத்துக்கு ஒரு உறை என்று அவர் பிரித்த அதே வேலைப் பங்கீட்டில்தான் டியூபும் டயரும் இன்றைக்கும் ஓடுகின்றன. வண்டியை இழுக்கத் தேவையான பலம் குறையும், பயணம் சுகமாகும், சத்தம் குறையும் என்று மூன்று பலன்களை அவர் காப்புரிமையில் சொன்னார். மூன்றில் இழுவையை முதலாவதாக வைத்தார் என்பதைக் கவனியுங்கள். சொகுசு அவருக்கு இரண்டாம் பட்சம்.

1847-இல் லண்டனின் ரீஜன்ட்ஸ் பூங்காவில் இந்தச் சக்கரங்களைப் பூட்டிய வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். இரும்புப் பட்டா வண்டியோடு ஒப்பிட்டு இழுவையை அளந்தபோது, சமமான சாலையில் ஓரளவு லாபம் தெரிந்தது. புதிதாக உடைத்துக் கொட்டிய ஜல்லியின் மேலோ, தேவையான பலம் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. சாலை மோசமாக மோசமாகக் காற்றின் மதிப்பு கூடுகிறது. காரணம் எளிமையானது. கெட்டியான சக்கரம் ஒரு கல்லைத் தாண்ட முழு வண்டியையும் தூக்க வேண்டும். காற்றுச் சக்கரமோ கல்லைத் தனக்குள் அமிழவிட்டு, வண்டியைத் தூக்காமலே உருண்டுவிடுகிறது. மோசமான சாலையில் போகிறவர்களுக்குத்தான் சரியான காற்றழுத்தம் அதிகம் தேவை என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இதைவிடப் பழைய ஆதாரம் கிடையாது.

இவ்வளவு நல்ல கண்டுபிடிப்பு நாற்பது ஆண்டுகள் மறந்து கிடந்தது. அன்றைய குதிரை வண்டியின் வேகத்துக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை. மெல்லிய, தரமான ரப்பர் தாளும் எளிதில் கிடைக்கவில்லை. ஓட்டை விழுந்தால் அத்தனை போல்ட்டையும் கழற்றியாக வேண்டும். தாம்சனே பிறகு, 1867-இல், தான் செய்த நீராவி இழுவை வண்டிக்குக் கெட்டி ரப்பர் பட்டையைத்தான் போட்டார். மெதுவாகப் போகும் கனமான வண்டிக்கு அது போதுமானதாக இருந்தது. 1873-இல் அவர் இறந்தபோது, காற்றுச் சக்கரத்தை நினைத்துப் பார்க்க அநேகமாக யாரும் இல்லை.

அப்புறம் வந்தவர்தான் எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஜான் பாய்ட் டன்லப். இவரும் ஸ்காட்லாந்துக்காரர். பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்தார். 1887-இல், கல் பாவிய தெருக்களில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிய தன் மகனுக்காகத்தான் இந்த வேலையில் இறங்கினார். தாம்சனைப் பற்றி அவருக்குத் தெரியாது. ஒரு மர வட்டை எடுத்து, அதைச் சுற்றி மெல்லிய ரப்பர் தாளில் செய்த குழாயை வைத்து, மேலே துணியைச் சுற்றி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் காற்று ஏற்றினார். பிறகு சைக்கிளின் கெட்டி ரப்பர் சக்கரத்தையும் இந்தக் காற்று வட்டையும் முற்றத்தில் அடுத்தடுத்து உருட்டிவிட்டார். கெட்டிச் சக்கரம் பாதி வழியிலேயே சாய்ந்து விழுந்தது. காற்று வட்டு முற்றம் முழுக்க ஓடி, எதிர்ப்பக்கக் கதவில் மோதித் திரும்பியது. கருவி எதுவும் இல்லாமல் இத்தனை தெளிவாக ஒரு விஷயத்தை நிரூபித்த சோதனைகள் குறைவு என்பது என் எண்ணம்.

1888-இல் காப்புரிமை வந்தது. 1889 மே மாதம் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் கல்லூரி மைதானத்தில் வில்லி ஹ்யூம் என்ற சைக்கிள் வீரர் இந்தத் தடித்த டயர்களோடு இறங்கியபோது பார்த்தவர்கள் சிரித்தார்கள். கலந்துகொண்ட நான்கு பந்தயங்களிலும் அவர் ஜெயித்தார். ஹ்யூமிடம் தோற்ற பிள்ளைகளின் தந்தை ஹார்வி டு க்ரோஸ் பணம் போட முன்வந்தார், டப்ளினில் நிறுவனம் தொடங்கியது. 1890-இல், இதே கருத்துக்குத் தாம்சன் ஏற்கெனவே காப்புரிமை வாங்கிவிட்டார் என்று டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது.

அதோடு கதை முடிந்திருக்கலாம். முடியாததற்குக் காரணம், அதிகம் பேசப்படாத ஒருவர்: சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச். டன்லப்பின் டயரை ரிம்மில் ஒட்டித்தான் வைக்க முடியும். பஞ்சர் என்றால் பிய்த்து, ஒட்டி, காயவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1890-இல் வெல்ச், டயரின் இரு ஓரங்களிலும் நீளாத கம்பி வளையத்தை வைத்தார். ரிம்மின் நடுவைப் பள்ளமாக்கினார். ஒரு பக்க ஓரத்தைப் பள்ளத்தில் இறக்கினால் எதிர்ப்பக்கம் ரிம்மின் மேல் ஏறி வந்துவிடும். காற்றடித்ததும் கம்பி ஓரங்கள் இரண்டும் ரிம்மில் இறுகி உட்காரும். நாங்கள் இன்றைக்கு இயந்திரத்தில் அலாய் வீல் டயர் ஏற்றும்போது செய்வது அச்சு அசலாக இதைத்தான். கம்பி இருக்கும் அந்த ஓரத்தை பீடு என்கிறோம். கவனமில்லாமல் கடப்பாரை போட்டு நெம்பி பீடைக் கிழித்துவிட்டால், டியூப்லெஸ் டயரில் அந்த இடத்தில் காற்று கசிந்துகொண்டே இருக்கும். டயர் கழற்றி மாட்டும் இடத்தில் நின்று பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தயங்காமல் பாருங்கள்.

பிரான்சில் மிஷலின் சகோதரர்கள் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்து, கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள் டயரைச் செய்தார்கள். 1891-இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1200 கிலோமீட்டர் பந்தயத்தில் அந்த டயரோடு ஷார்ல் டெரோன் ஜெயித்தார். 1895-இல் பாரிஸ்–போர்டோ–பாரிஸ் கார் பந்தயத்தில் காற்று டயர் மாட்டிய காரை அந்தச் சகோதரர்களே ஓட்டினார்கள். கொண்டுபோன 22 மாற்று டியூப்களும் தீர்ந்துபோயின. ஜெயிக்கவில்லை. ஆனாலும் காரைக் காற்றின் மேல் ஓட்ட முடியும் என்பது உறுதியாகிவிட்டது.

அந்தக் காலத்து டயர்கள் ஏன் அத்தனை சீக்கிரம் செத்தன? இதுதான் நமக்கு முக்கியமான பகுதி. டயருக்குள் இருந்தது சாதாரணமாக நெய்த பருத்தித் துணி. தரையைத் தொடும் இடத்தில் டயர் நசுங்கி, விட்டதும் நிமிர்கிறது. அப்படி வளைந்து நிமிரும்போது குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய நூல்கள் ஒன்றையொன்று அறுத்தன, உரசிச் சூடேறின. 1890-களின் தொடக்கத்தில் ஜான் ஃபுல்லர்டன் பால்மர் என்ற அமெரிக்கர், நூல்களைப் பின்னாமல் ஒரே திசையில் அடுக்கி, அடுக்குகளுக்கு நடுவே ரப்பர் கொடுத்தால் உரசல் குறையும் என்று கண்டார். நைலான் டயரும், நூல்கள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராக ஓடும் ரேடியல் டயரும் அந்த வழியில் வந்தவைதான். பிற்பாடு கார்பன் கரி சேர்ந்தது. வெளிறிய நிறத்தில் இருந்த டயர் கறுத்தது, தேய்மானம் வெகுவாகக் குறைந்தது.

நூல் மாறினாலும் எதிரி மாறவில்லை. வளைவதால் வரும் சூடுதான் இன்றைக்கும் டயரைக் கொல்கிறது. ஒரு கணக்குப் பாருங்கள். ஆட்களோடு 1200 கிலோ எடையுள்ள கார் என்றால் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 300 கிலோ. 33 பவுண்டு காற்று இருந்தால், அந்த எடையைத் தாங்க டயர் தரையில் சுமார் 130 சதுர சென்டிமீட்டர் பதிந்தால் போதும். விரித்த கை அளவுதான். 22 பவுண்டாகக் குறைந்தால் அதே எடைக்குச் சுமார் 195 சதுர சென்டிமீட்டர் பதிய வேண்டும். எடை மாறவில்லை, தாங்கும் காற்று குறைந்துவிட்டது. எனவே டயர் கூடுதலாக நசுங்குகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் சுற்றுகிறது. அத்தனை முறையும் பக்கச் சுவர் கூடுதலாக மடிந்து நிமிர்கிறது. மே மாத வெயிலில், ஆறு பேரும் பெட்டியும் ஏற்றிக்கொண்டு நிற்காமல் இரண்டு மணி நேரம் ஓட்டினால் உள்ளே என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதை நான் நேரில் பார்ப்பது டயரைக் கழற்றும்போது. காற்றில்லாமல் ஓடிய டயரை ரிம்மிலிருந்து பிரித்தால் உள்ளேயிருந்து கறுப்புத் தூள் கொட்டும். பக்கச் சுவரின் உட்புறத்தில் வட்டமாக ஒரு தேய்ந்த பட்டை ஓடும். விரலால் தடவினால் சொரசொரவென்று நூல் தட்டுப்படும். வெளியே பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பரில் வெட்டிய வரி, புதுசு போல ஆழமாக இருக்கும். "பஞ்சர் மட்டும் போட்டுக் கொடுங்க, டயர் நல்லாருக்கு" என்று கேட்பவரிடம் அந்தத் தூளைக் கையில் அள்ளிக் காட்டிவிடுவேன். அந்த டயரைத் திரும்ப மாட்டித் தர மாட்டேன். பள்ளத்தில் அடிபட்டுப் பக்கச் சுவரில் புடைப்பு வந்த டயருக்கும் இதே பதில்தான். புடைப்பு என்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது, வெறும் ரப்பர் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை.

சரி, எவ்வளவு காற்று வைப்பது? ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன்பக்கம், பின்பக்கம், முழுச் சுமை என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பின்பற்ற வேண்டிய அளவு அதுதான். டயரின் மேல் அச்சடித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் காருக்கான அளவு இல்லை. காலையில் வண்டி எடுத்ததும், டயர் குளிர்ந்திருக்கும்போது அளங்கள். ஓடி வந்த டயரில் நாலைந்து பவுண்டு கூடக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால், ஆறியதும் குறைவாக நிற்கும். வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்று சொல்பவர்கள் நிறைய. சூடு கூடும் காலத்தில் டயரை இன்னும் வளையவிடுவது எப்படி நல்லதாகும்? ஸ்டிக்கரில் உள்ள அளவே எல்லாக் காலத்துக்கும் சரி.

டியூப்லெஸ் டயர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆணி ஏறினாலும் உடனே காற்று இறங்காது என்பது அதன் நல்ல குணம். அதனாலேயே வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது யாருக்கும் தெரிவதில்லை. ரேடியல் டயரின் பக்கச் சுவர் எப்போதும் கொஞ்சம் புடைத்துத்தான் நிற்கும் என்பதால், கண்ணால் பார்த்தோ காலால் உதைத்தோ பத்து பவுண்டு குறைவைக் கண்டுபிடிக்க முடியாது. அளவுமானி ஒன்று வாங்கிக் காரிலேயே வையுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளங்கள். சைக்கிள் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். காற்றுக் குறைவாகக் கல்லில் ஏற்றினால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பஞ்சரே இல்லாமல் தினமும் காற்று இறங்கினால் முதலில் வால்வு டியூபை (வால்வின் மேல் மாட்டும் சிறு ரப்பர் குழாய்) மாற்றிப் பாருங்கள், சில ரூபாய்தான் ஆகும்.

காரில் அளக்கும்போது டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் சேர்த்து அளங்கள். யாரும் தொடாமலே மாதா மாதம் அதிலிருந்து ஓரிரு பவுண்டு இறங்கும். இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாகவே வைத்திருங்கள், மாட்டிய பிறகு சரியான அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம்.