செருகுநிரலின் அமைவுக் கோப்பு எங்கே இருக்க வேண்டும்?

எதிரொலி சேர்க்கவோ, குரலின் ஏற்ற இறக்கத்தைச் சீராக்கவோ, சிந்தசைசர் ஒலியை எழுப்பவோ ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் நாம் சேர்த்துக்கொள்ளும் செருகுநிரலால், அதாவது பிளகினால், தனியாக இயங்க முடியாது. ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1996இல் விஎஸ்டி என்ற செருகுநிரல் வடிவத்தை அறிமுகப்படுத்திய காலத்திலிருந்து பெரும்பாலும் நடைமுறை இதுதான்: ஹோஸ்ட் எனப்படும் ஒலிப்பதிவு மென்பொருள், செருகுநிரலின் கோப்பைத் தன் நினைவகத்துக்குள் ஏற்றிக்கொள்கிறது, அதன்பின் செருகுநிரல் ஹோஸ்ட்டின் செயலாக்கத்துக்குள்ளேயே, ஹோஸ்ட்டுக்கு உள்ள அனுமதிகளோடு மட்டும் இயங்குகிறது. தன் அமைவுகளை எங்கே எழுதிவைப்பது என்ற கேள்வி, சாதாரண மென்பொருளுக்கு இருப்பதைவிடச் செருகுநிரலுக்குச் சிக்கலாவது இதனால்தான்.

புதிதாக எழுதத் தொடங்கும் நிரலாளர், பாதை எதுவும் குறிப்பிடாமல் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்துவிடுவது உண்டு. அப்படிக் கொடுத்தால் கோப்பு, நடப்புக் கோப்புறை எதுவோ அதில் போய் விழும். அந்தக் கோப்புறையைத் தீர்மானிப்பது ஹோஸ்ட். மெனுவிலிருந்து ஹோஸ்ட்டைத் திறந்தால் அது ஓரிடமாகவும், பாடலின் திட்டக் கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் வேறிடமாகவும் இருக்கலாம். நேற்று மாற்றிய அமைவு இன்று காணாமற்போவதும், நாளை தானே திரும்பி வருவதும் பெரும்பாலும் இந்த வகைப் பிழைதான். இயங்கும் மென்பொருளின் இருப்பிடத்தைக் கேட்டாலும் பயனில்லை. கவனமாகக் கேட்காவிட்டால் கிடைப்பது ஹோஸ்ட்டின் இருப்பிடம்.

நிறுவப்பட்ட கோப்புறையிலேயே எழுதுவதும் சரிப்படாது. விண்டோஸில், விஎஸ்டியின் மூன்றாம் பதிப்பில் அமைந்த விஎஸ்டி3 செருகுநிரல்கள் வழக்கமாக ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையின் கீழ் இருக்கின்றன. அங்கே எழுத நிர்வாகி அனுமதி வேண்டும். 2007இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, பழைய 32-பிட் மென்பொருள்கள் அங்கே எழுத முயன்றால் அந்தக் கோப்பைச் சத்தமில்லாமல் பயனரின் ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ கோப்புறைக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்தது. இந்தச் சலுகை ஒவ்வொரு செயலாக்கத்துக்கும், அதாவது இயங்கும் ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும், தனித்தனியாக முடிவாவதால், ஒரே செருகுநிரல் ஒரு ஹோஸ்ட்டில் திருப்பிவிடப்பட்டு, இன்னொன்றில் அனுமதி மறுக்கப்பட்டு நின்றது. மேக்கில் தடை வேறு விதமானது: செருகுநிரலின் தொகுப்புக்குள் ஒரு கோப்பை மாற்றினாலே அதன் டிஜிட்டல் கையொப்பம் செல்லாமற்போகும்.

ஆகவே இடத்தைத் தேடுவதற்கு முன், எழுதப்போகும் தகவல் யாருக்கு உரியது என்று கேட்பதே சரியான வரிசை என்று நினைக்கிறேன். எதிரொலியின் நீளம், வடிகட்டியின் அளவு போன்றவை பாடலுக்கு உரியவை. அவற்றுக்குத் தனிக் கோப்பே தேவையில்லை. திட்டத்தைச் சேமிக்கும்போது ஹோஸ்ட் செருகுநிரலிடம் அதன் நிலையைக் கேட்டு, கிடைக்கும் பைட்டுகளைத் திட்டக் கோப்புக்குள் வைத்துக்கொள்கிறது; மீண்டும் திறக்கும்போது அவற்றைத் திருப்பிக் கொடுக்கிறது. பாடலுக்கு உரியதை அமைவுக் கோப்பில் எழுதிவைத்தால், ஒரு பாடலில் செய்த மாற்றம் மற்றப் பாடல்களையும் கெடுக்கும். இதைவிடத் தொல்லையான பிழை குறைவு. திட்டத்தைத் திறந்த பிறகும் ஒலி ஏன் மாறியது என்பதற்கு அந்தத் திட்டத்தில் எந்தத் தடயமும் இருக்காது.

பயனர் பெயரிட்டுச் சேமித்து மீண்டும் பயன்படுத்தும் ஒலி அமைவுகளான பிரீசெட்டுகளுக்கு விஎஸ்டி3 தரம் தானே இடம் வகுத்திருக்கிறது: விண்டோஸில் ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறைக்குள் ‘விஎஸ்டி3 பிரீசெட்ஸ்’, மேக்கில் பயனரின் ‘லைப்ரரி’க்குள் ‘ஆடியோ’, அதற்குள் ‘பிரீசெட்ஸ்’. எஞ்சுவது சாளரத்தின் அளவு, வண்ணத் தோற்றம், ஒலிமாதிரிகள் இருக்கும் வட்டின் பாதை போன்றவை. உண்மையில் அமைவுக் கோப்பு இவற்றுக்குத்தான்.

விண்டோஸில் இதற்குரிய ‘ஆப்டேட்டா’ கோப்புறை முக்கியமாக ‘ரோமிங்’, ‘லோக்கல்’ என்று பிரிகிறது. நிறுவன வலையமைப்புகளில் ரோமிங்கில் இருப்பவை பயனரோடு வேறு கணினிக்கும் செல்லக்கூடும். வண்ணத் தோற்றம் அப்படிச் செல்வது நல்லது. ‘டி’ வட்டில் இருக்கும் ஒலிமாதிரிகளின் பாதை அப்படிச் சென்றால், ‘டி’ வட்டே இல்லாத கணினியில் செருகுநிரல் ஊமையாகிவிடும். ஆகவே பாதை லோக்கலில் இருக்க வேண்டும். மேக்கில் ‘அப்ளிகேஷன் சப்போர்ட்’ கோப்புறைக்குள் நிறுவனத்தின் பெயரில் ஓர் உட்கோப்புறை அமைப்பது வழக்கம். செருகுநிரல்கள் எழுதப் பலரும் பயன்படுத்தும் ஜூஸ் நூலகத்தில், பயனர் தரவுக் கோப்புறையைக் கேட்டால் மேக்கில் ‘லைப்ரரி’ மட்டுமே கிடைக்கும். ‘அப்ளிகேஷன் சப்போர்ட்’ என்பதை நாம்தான் சேர்க்க வேண்டும். அதை மறந்தவர்களின் கோப்புறைகள் ‘லைப்ரரி’யில் நேரடியாகக் கிடப்பதை இன்றும் காணலாம். லினக்ஸில், எந்த வகைக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்று வகுக்கும் எக்ஸ்டிஜி வரையறை, அமைவுகளுக்கு ‘.கான்ஃபிக்’, தரவுகளுக்கு ‘.லோக்கல்’ கோப்புறைக்குள் ‘ஷேர்’, அழித்தாலும் மீண்டும் உருவாக்கிக்கொள்ளக்கூடியவற்றுக்கு ‘.கேஷ்’ என்று இடம் ஒதுக்குகிறது. இந்தப் பெயர்களை நிரலில் அப்படியே எழுதிவிடாமல், இயங்குதளம் மென்பொருளுக்குத் தரும் மதிப்பான சூழல் மாறியிடம் முதலில் கேட்க வேண்டும்; அது அமைக்கப்படாதிருந்தால் மட்டும் இந்தப் பெயர்களைப் பயன்படுத்தலாம்.

அப்படிக் கேட்டாலும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. லினக்ஸில் மென்பொருளைத் தனித்து அடைத்துத் தரும் ஃபிளாட்பேக் தொகுப்பாக வந்த ஹோஸ்ட், தனக்கென ஒதுக்கப்பட்ட வேலிக்குள் (சாண்ட்பாக்ஸ்) இயங்குவதால், அதற்குள் இருக்கும் செருகுநிரலுக்கு ‘.கான்ஃபிக்’ என்று காட்டப்படுவது அந்த ஹோஸ்ட்டுக்கு மட்டுமான கோப்புறை. மேக்கில் வேலிக்குள் இயங்கும் ஹோஸ்ட்டுகளிலும் இதே நிலைதான். ஒரே கணினியில், ஒரே பயனருக்கு, ஒரே செருகுநிரல் இரு ஹோஸ்ட்டுகளில் இருவேறு அமைவுகளோடு தோன்றுவது இதனால்தான். இதைப் பிழை என்று சொல்ல மாட்டேன்.

இடம் சரியானாலும் எழுதும் முறையில் தவறு நேரலாம். ஒரு பாடலில் இருபது தடங்களில் ஒரே செருகுநிரலின் இருபது பிரதிகள் இருப்பதாகக் கொள்வோம். மூன்றாம் தடத்தில் சாளரத்தை 150 விழுக்காடாகப் பெரிதாக்குகிறோம். அது கோப்பில் பதிகிறது. ஹோஸ்ட்டை மூடும்போது, பழைய 100 விழுக்காட்டையே நினைவில் வைத்திருக்கும் இருபதாம் பிரதி தன் அமைவுகளை எழுதி முந்தையதை அழித்துவிடுகிறது. பயனர் ஒன்றை மாற்றும்போது மட்டும், கோப்பைப் புதிதாகப் படித்து, மாறிய மதிப்பை மட்டும் சேர்த்து எழுதினால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். எழுதுவதையும் அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுமையாக முடித்துவிட்டு, பிறகு அதற்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்ட வேண்டும். பாதியில் ஹோஸ்ட் முடங்கினாலும், பழைய கோப்போ புதிய கோப்போ ஏதாவது ஒன்று முழுதாக இருக்கும்.

இவை எதையும் ஒலியைக் கணக்கிடும் இழையில், அதாவது ஹோஸ்ட்டுக்குள் அந்த வேலைக்கென்று தனியாக ஓடும் த்ரெட்டில், செய்யக் கூடாது. நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியின் தனித்தனி அளவீடுகள்) என்ற வேகத்தில், 64 மாதிரிகள் கொண்ட ஒரு தொகுதிக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 1.3 மில்லிநொடி, வட்டு அந்த நேரத்துக்குள் பதில் சொல்லும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஹோஸ்ட் தன் செருகுநிரல் பட்டியலைத் தயாரிக்க ஒவ்வொன்றையும் ஒருமுறை ஏற்றிப் பார்க்கும்போது, அமைவுக் கோப்பு இல்லை என்றோ படிக்க முடியவில்லை என்றோ அறிவிப்புச் சாளரம் காட்டினால், யாரும் பார்க்காத பின்னணிச் செயலாக்கத்தில் அந்தச் சாளரம் பதிலுக்குக் காத்துக்கிடக்கும். ஹோஸ்ட் பொறுமையிழந்து அந்தச் செருகுநிரலைப் பழுதானவற்றின் பட்டியலில் சேர்த்துவிடும். கோப்பு இல்லையென்றால், இயல்பு மதிப்புகளோடு பேசாமல் இயங்கத் தொடங்குவதே முறை.