மல்ட்டி-கன்னுக்கு "பல்குழல்"னு யாருங்க சொன்னது?

இந்த மாசத்துல மூணாவது தடவை கண்ணுல பட்டுடுச்சு, இனிமே வாயை மூடிட்டு இருக்க முடியாது. மல்ட்டி-கன்ங்கற துப்பாக்கி சுடும் போட்டிக்குப் புதுசா வர்றவங்களுக்காக ஒரு நல்ல வீடியோ, கீழ ஓடுற தமிழ் வரியில "பல்குழல் துப்பாக்கிப் போட்டி"ன்னு போட்டிருக்காங்க. ஈழப்போர் செய்தி படிச்சவங்க யாரைக் கேட்டாலும் பல்குழல்னா என்னன்னு சொல்லிடுவாங்க, ஒரே வண்டியில குழாய் குழாயா அடுக்கி வச்சு ராக்கெட்டை சரமாரியா விடுறது. அதைக் கொண்டுவந்து ஒரு விளையாட்டு மேல ஒட்டினா, ஆசையா கத்துக்க வர்ற பையன் "ஐயோ இது பீரங்கி சமாச்சாரம் போல"ன்னு ஓடிடுவான்.

விஷயம் சிம்பிள். ஒரே ஆளு, ஒரே ஸ்டேஜ்ல (இலக்கெல்லாம் நிறுத்தி வச்ச ஒரு களம்), ஒரு வகைக்கு மேற்பட்ட துப்பாக்கியை மாத்தி மாத்தி சுடுறதுதான் மல்ட்டி-கன். வழக்கமா ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன்னு மூணு, அதனால த்ரீ-கன்னும் சொல்வாங்க. ஷாட்கன் இல்லாம மத்த ரெண்டு மட்டும்னா டூ-கன். தூரத்து இலக்குக்கு ரைஃபிள், பறக்குற களிமண் தட்டுக்கும் சாய்ற இரும்புத் தகடுக்கும் ஷாட்கன், கிட்டக்க இருக்குற அட்டை இலக்குக்கு பிஸ்டல். டைமர் பீப் அடிச்சதுலேர்ந்து கடைசி வெடி வரைக்கும் ஆன நேரம், அதோட தவறவிட்டதுக்கு அபராத நொடி, ரெண்டையும் கூட்டினா யாருக்குக் கம்மியா வருதோ அவர் ஜெயிச்சார், பெரும்பாலும் இதுதான் கணக்கு. 1976ல அமெரிக்காவுல மிசோரி மாநிலத்து கொலம்பியாவுல கூடி ஐபிஎஸ்சின்னு ஒரு சர்வதேச அமைப்பு ஆரம்பிச்சு ஜெஃப் கூப்பர் முதல் தலைவரானாரே, அந்த பிராக்டிகல் ஷூட்டிங்கோட, அதாவது ஓடி நகர்ந்து சுடுற விளையாட்டோட கிளைதான் இது.

சொல்லோட பூர்வீகம் ரெண்டு வரியில முடிஞ்சிடும். மல்ட்டிங்கறது லத்தீன், பலங்கற அர்த்தம். கன்ங்கறது குனில்டாங்கற பொம்பளப் பேருலேர்ந்து வந்ததா சொல்றாங்க, 1330 வாக்குல வின்ட்சர் கோட்டை ஆயுதக் கணக்குல ஒரு பெரிய எறிபொறிக்கு அந்தப் பேரு இருக்கு. நம்ம துப்பாக்கியும் வெளியூர்தான், துருக்கிய மொழி துஃபெக்கோட சொந்தக்காரன், ஈழத்துத் துவக்கும் மலையாளத்துத் தோக்கும் அதே குடும்பம். குறள்லயே "துப்பாக்கித் துப்பார்க்கு"ன்னு வருதே, அப்பவே நம்மகிட்ட துப்பாக்கி இருந்துச்சுன்னு கிளம்பாதீங்க, அது மழையைப் பத்தின குறள், துப்புன்னா அங்க உணவு.

இப்ப சண்டைக்கு வருவோம். பல்குழல் ஏன் தப்புன்னா, குழல்ங்கறது துப்பாக்கியோட ஒரு பாகம், பேரல். இங்க பெருகுறது குழல் இல்ல, துப்பாக்கியோட வகை. ரெண்டு குழல் இருக்குற ஒரே ஷாட்கன்னை எடுத்துட்டுப் போனா அது பல்குழல்தான், ஆனா மல்ட்டி-கன் ஆகாது. இதைச் சொன்னா ஒரு தனித்தமிழ் நண்பர் "அப்ப பல்துப்பாக்கின்னு வைங்க, பல்கலை பல்பொருள் மாதிரி"ன்னார். ஐயா, வாய்ல சொல்லிப் பாருங்க, பல் டாக்டர் கையில இருக்குற கருவி மாதிரி கேக்குது. இலக்கணப்படிதான் சேப்பேன்னு அடம்பிடிச்சா பல் கூட தொடை சேந்து பஃறொடை ஆன மாதிரி, துளி சேந்து பஃறுளி ஆன மாதிரி, இது "பஃறுப்பாக்கி" ஆகணும். பஃறுப்பாக்கிப் போட்டிக்கு யாரு பேர் கொடுக்க வருவா? இன்னொருத்தர் த்ரீ-கன்னுக்கு முத்தமிழ் முக்கனி வரிசையில "முத்துப்பாக்கி"ன்னு கொண்டு வந்தார், கேட்டதும் எனக்கு முத்து வாங்கின கடன்ல பாக்கி நிக்குதோன்னுதான் தோணுச்சு. "கலப்புத் துப்பாக்கி"ன்னும் ஒண்ணு சுத்துது, அது ஆணும் பெண்ணும் ஜோடியா சுடுற போட்டிக்கு விளையாட்டுப் பக்கத்துல ஏற்கெனவே ஓடிட்டிருக்கு, அதுல கை வச்சா ரெண்டும் குழம்பும்.

என் ஓட்டு "பலவகைத் துப்பாக்கிப் போட்டி"க்கு. நீளம்தான், ஒத்துக்கறேன். ஆனா வகைங்கற சொல் உள்ள வந்ததும் அர்த்தம் நேரா நிக்குது, த்ரீ-கன்னுக்கு மூவகை, டூ-கன்னுக்கு இருவகைன்னு அதுவே வழி விடுது. பேச்சுல மல்ட்டி-கன்னே சொல்லிட்டுப் போங்க, அதுல எனக்கு வருத்தமே இல்ல, துப்பாக்கியையே கடன் வாங்கினவங்க நாம.

இந்த வகைங்கற சொல் விட்டுப்போறதால புதுசா வர்றவங்களுக்கு நிஜமாவே நஷ்டம். "பல துப்பாக்கி வேணுமாம்"னு நினைச்சு முதல் நாளே மூணையும் வாங்கணும்னு பயந்துடுறாங்க. அப்படியெல்லாம் இல்ல. முதல்ல ஒரு போட்டிக்கு சும்மா போய்ப் பாருங்க, சுட்ட அட்டையில ஸ்டிக்கர் ஒட்டுறதுக்கும் சாஞ்ச தகடை நிமித்துறதுக்கும் ஆள் எப்பவும் தேவை, அந்த வேலையைச் செஞ்சாலே பாதி கத்துக்கலாம். அப்புறம் பிஸ்டல் மட்டும் உள்ள போட்டி ரெண்டு மூணு, அதுக்கப்புறம் டூ-கன். ஷாட்கன்தான் கடைசி, ஏன்னா அதுல சுடுறதை விட தோட்டா நிரப்புறதுதான் கஷ்டம், தோட்டா அடுக்கின மேகசீனை மாத்திட்டு ஓடுற கதை பெரும்பாலும் அங்க கிடையாது, ரெண்டு ரெண்டா நாலு நாலா தோட்டாவை விரல்ல பிடிச்சுத் திணிக்கணும், அதை மருந்தே இல்லாத டம்மித் தோட்டா வச்சு வீட்லயே பழகிக்கலாம்.

மேகசீன்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஒரு மொழிபெயர்ப்புல "இதழைச் செருகவும்"னு இருந்துச்சு, வார இதழா மாத இதழான்னு அதுல போடல. ஸ்டேஜை "மேடை"ன்னு எழுதுறாங்க, "மேடையில் ஓடிக்கொண்டே சுட வேண்டும்"னு படிக்கறவன் நாடகம்னு நினைப்பான், "களம்"னு போட்டா முடிஞ்சுது. ரவுண்டுக்கு "சுற்று", அப்ப "30 சுற்று தேவை"ன்னா மைதானத்தைச் சுத்தி வரணுமா? தோட்டான்னு ஒரு அருமையான சொல் சும்மா உக்காந்திருக்கு.

சிரிச்சுட்டுப் போயிடலாம், ஆனா பாதுகாப்பு விதியிலயும் இதே கூத்துதான். ஒரு துப்பாக்கியை முடிச்சுட்டு அடுத்ததை எடுக்கறதுக்கு முன்னாடி முதலாவதை வைக்கிறதுக்குன்னு ஒரு பீப்பாய் நிக்கும், டம்ப் பேரல். அதை "குப்பைத் தொட்டி"ன்னு எழுதி "துப்பாக்கியைக் குப்பைத் தொட்டியில் போடவும்"னு வச்சிருக்காங்க. போடக்கூடாதுங்க, வைக்கணும். குழல் வாய் பாதுகாப்பான பக்கம் பாக்கணும், உள்ள தோட்டா இருந்தா சேஃப்டி போட்டிருக்கணும், இல்லேன்னா மொத்தமா காலியா இருக்கணும், தப்பினா அன்னைக்குப் போட்டியிலேர்ந்து வெளிய அனுப்பிடுவாங்க. நான் "வைப்புப் பீப்பாய்"னு எழுதறேன், அழகா இல்லதான், ஆனா என்ன செய்யணும்னு அந்தச் சொல்லே சொல்லிடும்.

முதல்ல சொன்ன அந்த வீடியோவுல 180 டிகிரி விதிக்கு என்ன போட்டிருந்தாங்க தெரியுமா? "180 டிகிரி திரும்ப வேண்டும்." விதியே அப்படித் திரும்பக் கூடாதுங்கறதுதான்! முன்னாடி குண்டைத் தடுக்கற மண் மேட்டைப் பாத்து நின்னா உங்க ரெண்டு தோளுக்கும் நேரா ஒரு கோடு இருக்குன்னு வச்சுக்கங்க, ஓடும்போதும் சரி தோட்டா நிரப்பும்போதும் சரி குழல் வாய் அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்னாடி வந்துச்சுன்னா ஆட்டம் க்ளோஸ். கமெண்ட்ல எழுதிட்டேன், இன்னும் மாத்தல.