காரணகாரியம்: சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தின் ‘காசாலிட்டி’ (causality) என்பதற்குத் தமிழில் உடனே வாய்க்கு வருவது காரணகாரியம். இரு பாதியும் வடசொல். ‘செய்’ என்று பொருள்படும் ‘க்ரு’ என்ற ஒரே வேரில் பிறந்தவை. சொல்லுக்குள்ளேயே யாரோ எதையோ செய்கிறார் என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சைவ சித்தாந்தம் காட்டும் குடமும் அப்படித்தான்: மண் முதற்காரணம், திகிரி, அதாவது குயவர் சக்கரம், துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். கிரேக்கர் கதை இன்னும் வேடிக்கை. அவர்களுடைய ‘ஐத்தியா’ முதலில் குற்றப்பொறுப்பைக் குறித்தது. யார் மேல் பழி என்று கேட்ட சொல்தான் பிற்பாடு இயற்கையைப் பார்த்து ஏன் என்று கேட்டது.

‘ஏது’ என்று எழுதுவோரும் உண்டு. பார்க்கத் தமிழ்ச்சொல் போலிருக்கும். ஆனால் வடமொழி ‘ஹேது’வின் தமிழ் உருவம் அது. பிறப்பு கிடக்கட்டும், சிக்கல் பொருளில்தான். மணிமேகலையில் வரும் தருக்கப் பகுதியில் ஓர் எடுத்துக்காட்டு: இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால். இங்கே ஏது, புகை. புகையா நெருப்பை உண்டாக்கியது? நெருப்பு இருப்பதை நாம் அறியப் புகை உதவுகிறது, அவ்வளவுதான். நிகழ்வது நெருப்பிலிருந்து புகைக்கு. அறிவது புகையிலிருந்து நெருப்புக்கு. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கணிதத்தில் இருப்பதெல்லாம் ஏதுதான். ஒரு முக்கோணத்தில் இரு பக்கங்கள் சமமென்றால் அவற்றுக்கு எதிரே உள்ள கோணங்களும் சமம். கோணங்கள் சமமென்றால் பக்கங்களும் சமம். எது முந்தியது என்று கேட்கவே வழியில்லை. கணிதத்தின் ‘ஆகவே’க்குக் கடிகாரம் கிடையாது. நியூட்டனின் சமன்பாடுகளும் கிட்டத்தட்ட இதே குணம்தான்: கோள்கள் இன்று இருக்கும் இடமும் வேகமும் தெரிந்தால் வரப்போகும் கிரகணத்தையும் கணிக்கலாம், என்றோ முடிந்துபோனதையும் கணிக்கலாம். இதைப் பார்த்துத்தான் தத்துவவாதி பெர்ட்ராண்ட் ரஸ்ஸல் 1912இல், காரண விதி என்பது முடியாட்சியைப் போலக் கழிந்த காலத்தின் மிச்சம் என்று கிண்டலடித்தார்.

சரி, அப்படியானால் இயற்பியலுக்கு இந்தச் சொல்லே வேண்டாமா? அப்படி ஒதுக்கிவிடவும் முடியாது. ஐன்ஸ்டைன் 1905இல் சார்பியலை முன்வைத்தபின் அது வேறு வடிவில் திரும்பி வந்தது. ஒளியின் வேகம் விநாடிக்கு 2,99,792 கிலோமீட்டர் சொச்சம். சூரியனில் இப்போது நடப்பது எதுவும் அடுத்த சுமார் 500 விநாடிக்கு நம்மைத் தொட முடியாது. அந்த இடைவெளிக்குள் இங்கே நடப்பதற்கும் சூரியனில் நடந்ததற்கும் முன்பின் கேட்டால், ஓடுகிறவர் ஒன்று சொல்வார், நிற்கிறவர் வேறொன்று சொல்வார், இருவரும் சரி. ஒளி போய்ச் சேர நேரம் இருக்கும் நிகழ்வுகளுக்கு மட்டும் எல்லாரும் ஒரே முன்பின் சொல்வார்கள். ஒளிக்கூம்பு என்று படம் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

ஆக, யார் செய்தது என்ற கேள்வி இங்கே உதிர்ந்துவிட்டது. எது எதைத் தொட முடியும் என்ற வரிசை மட்டும் மிச்சம், அதுவும் எல்லா இணைகளுக்கும் பொருந்தாத பகுதி வரிசை. சாதாரண வரிசைதானே என்று தள்ளிவிட வேண்டாம். இந்த முன்பின் கலையாமல் நிகழ்வுகளை இடம்மாற்ற எத்தனை வழி என்று கணிதர் கிறிஸ்டோபர் சீமன் 1964இல் ஆராய்ந்தார். கிடைத்தவை சார்பியலின் லொரென்ஸ் மாற்றங்கள், அதாவது ஒருவர் அளந்த இடத்தையும் நேரத்தையும் அவரைக் கடந்து ஓடுகிறவரின் அளவுக்கு மாற்றும் விதிகள். கூடவே மொத்தமாக நகர்த்துவதும் அளவைப் பெருக்குவதும். முன்பின் மட்டும் தெரிந்தால் போதும், சிறப்புச் சார்பியலின் காலவெளி வடிவம் அநேகமாகக் கையில் கிடைத்துவிடுகிறது! எனக்கு இது இன்றும் வியப்புதான்.

இனி தமிழ்ச்சொல். பொதுவழக்குக்கு ‘வினைவிளைவு’ நன்றாகவே இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்த பாதி ‘விளைவு’. விளைச்சல், விளைநிலம் எல்லாம் இதன் உறவு. விதைப்பு முந்தி, அறுவடை பிந்தி என்ற காலம் சொல்லிலேயே இருக்கிறது, செய்பவரைத் தேடவும் வேண்டாம். அதனால் சார்பியல் பொருளுக்கு ‘விளைவொழுங்கு’ என்று சொல்ல விரும்புகிறேன். ‘ஏது’ நிரூபணங்களிலும் காரணகாரியம் தத்துவத்திலும் இருந்துகொள்ளட்டும்.

ஓரிடத்தில் இந்தச் சொல்லும் தடுமாறும். காலம் வளைந்து தன்னையே வந்து சேரும் ஓர் அண்டத்தை 1949இல் தருக்கவியலாளர் குர்த் கோடெல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே வரவழைத்துக் காட்டினார். அங்கே விளைந்ததே தனக்கு விதையாகலாம்; சமன்பாடு அதைத் தடுப்பதில்லை.