பன்றிக்கறியில் அந்த வாடை: வாய்க்காலை எங்கே அடைப்பது?

சில வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு முந்தின வாரம், மலேசியாவில் சுங்கை பக்காப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் என் மாமா இரண்டு கிலோ காட்டுப்பன்றிக் கறியை ஐஸ் பெட்டியில் வைத்து பட்டர்வொர்த்தில் எங்கள் வீடு வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தார். மஞ்சள், இஞ்சி பூண்டு, மிளகு எல்லாம் பிசறி வைத்து, எண்ணெய் காய்ந்ததும் கறியைப் போட்டதுதான் தாமதம், ஹாலில் இருந்த என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து "என்னங்க இது, மூத்திர நாத்தம் அடிக்குது" என்றாள். நான் சட்டிக்கு மேலேயே குனிந்து முகர்ந்தேன், மிளகு வாசம்தான் வந்தது. மாமா ஒரு துண்டை எடுத்து ஓரத்துக் கொழுப்பை நசுக்கி மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, "பெரிய ஆண் பன்றி மாப்ள, அதான்" என்றார்.

ஒரே சட்டி, மூன்று மூக்கு, மூன்று பதில். அன்றைக்கு ஆரம்பித்த கேள்வி, தேடித் தேடிப் படிக்கப் படிக்க சமையலறையை விட்டு வெகுதூரம் போய், பெட்டைப் பன்றி எந்த வயதில் பருவத்துக்கு வருகிறது என்கிற இடத்தில் வந்து நின்றது.

ஆட்டில் இது நமக்குத் தெரிந்த விஷயம்தான். காயடிக்காத கிடாவின் கறியில் ஒரு வீச்சம் இருக்கும், அதனால்தான் ஊரில் சின்னதிலேயே காயடித்து வளர்ப்பார்கள். பன்றியில் வரும் வாடைக்கான ரசாயனம் வேறு, ஆனால் கதை கிட்டத்தட்ட அதேதான். கறி கெட்டுப்போனதாலோ கழுவாததாலோ வருவது இல்லை அது. 1968இல் பேட்டர்சன் என்ற ஆய்வாளர் ஆண் பன்றியின் கொழுப்பில் ஆண்ட்ரோஸ்டெனோன் என்ற பொருளைக் கண்டுபிடித்து இதுதான் காரணம் என்று காட்டினார். மூத்திரமும் பழைய வியர்வையும் கலந்த மாதிரி வாடை. இரண்டு வருடம் கழித்து, 1970இல், இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது: ஸ்கடோல். இதன் வாடை நேரடியாகச் சாண வாடை. இரண்டுமே கொழுப்பில் கரைந்து தங்குபவை, சூடு பட்டால்தான் கிளம்பி வரும், அதனால் பச்சைக் கறியில் தெரியாதது சட்டியில் போட்டதும் வீடு முழுக்கத் தெரிகிறது. அளவோ மிகமிகக் கொஞ்சம். ஒரு கிராம் கொழுப்பில் ஆண்ட்ரோஸ்டெனோன் 0.5 முதல் 1 மைக்ரோகிராம், ஸ்கடோல் என்றால் 0.2 மைக்ரோகிராமைத் தாண்டினாலே போதும், முகர முடிந்தவர்கள் முகம் சுளித்துவிடுவார்கள்.

சரி, ஆண் பன்றி எதற்காக இதை உடம்பில் சுமக்கிறது? பெட்டைக்காகத்தான். விதையில் உருவாகும் ஆண்ட்ரோஸ்டெனோன் ரத்தம் வழியாக உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்கிறது. பருவம் வந்த ஆண் பன்றி பெட்டையைப் பார்த்ததும் தாடையைச் சவைத்துச் சவைத்து வாயில் வெள்ளை நுரை தள்ளும், அந்த நுரையில்தான் இது இருக்கிறது. செபராங் பிறையில் கம்போங் வால்டோர் பக்கம் ஒரு பண்ணையில் வேலை பார்த்த நண்பர் சொல்லிக் காட்டியது: சினைப்பருவத்தில் இருக்கும் பெட்டை அந்த வாடை பட்டதும் நான்கு காலையும் ஊன்றி, காதை விறைத்துக்கொண்டு, சிலை மாதிரி நின்றுவிடும், முதுகில் இரண்டு கையாலும் அழுத்தினாலும் அசையாது. விந்தூசி போடுகிறவர்கள் பார்க்கும் சோதனையே இதுதான். பக்கத்தில் ஆண் பன்றி இல்லாவிட்டால் இதே பொருளை ஸ்பிரேயாக மூக்குக்கு முன்னால் அடிப்பதும் உண்டு. இன்னொன்று, இளம் பெட்டைகளை வளர்ந்த ஆண் பன்றியோடு பழகவிட்டால் அவை சீக்கிரமே பருவத்துக்கு வருகின்றன; உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்துவிட்ட ஆண் பன்றியை விட்டுப் பார்த்தபோது அந்த வேகம் கிடைக்கவில்லை. நம் சட்டியில் நாற்றமாக வருவது பன்றிக் கூட்டத்துக்குள் ஒரு செய்தி, குட்டி போடுவதற்கான செய்தி.

இந்த வாடை வராமலிருக்க உலகம் முழுக்கச் செய்துவந்தது, பிறந்த சில நாளில் ஆண் குட்டிகளின் விதையை எடுத்துவிடுவது. பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமல். குட்டிக்கு வலி என்பதில் சந்தேகமே இல்லை, அந்தக் கீச்சலை ஒருமுறை கேட்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் 2010இல் பண்ணைக்காரர்களும் இறைச்சி நிறுவனங்களும் விலங்கு நல அமைப்புகளும் சேர்ந்து, 2018 ஜனவரி 1க்குள் இந்த அறுவையை நிறுத்துவோம் என்று அறிவித்தார்கள், சொன்ன தேதிக்குள் அது நடக்கவில்லை. ஜெர்மனி 2021 முதல் மயக்க மருந்து இல்லாமல் செய்வதைத் தடை செய்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பெரும்பாலும் காயடிப்பதே இல்லை, கொஞ்சம் சின்னதாக இருக்கும்போதே வெட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஊசியும் இருக்கிறது, 1998இல் ஆஸ்திரேலியாவில் வந்தது, மூளையிலிருந்து விதைக்குப் போகும் உத்தரவையே உடம்பின் எதிர்ப்பு சக்தியை வைத்துத் தடுத்துவிடும். காயடிக்காத பன்றி தீனி குறைவாகத் தின்று கொழுப்பு குறைந்த சதை வைக்கும் என்பதால் பண்ணைக்காரருக்கும் அதில் லாபம்.

ஆனால் எல்லோருக்கும் தோன்றும் நேர்வழி வேறு: வாடை குறைவாக இருக்கும் ஆண் பன்றிகளையே பார்த்துப் பார்த்துப் பொறுக்கி இனம் பெருக்கினால் என்ன? உயிரோடு இருக்கும் பன்றியின் முதுகிலிருந்தே ஊசியால் துளிக் கொழுப்பு எடுத்து அளந்துவிடலாம். ஆண்ட்ரோஸ்டெனோன் அளவு அப்பனிடமிருந்து பிள்ளைக்கு நன்றாகவே இறங்கி வரும் குணம், பன்றிக்குப் பன்றி இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி மரபணுவால் வருவது. இனத்துக்கு இனமும் வேறுபடுகிறது, டியூரோக் இனத்தில் அதிகம், லாண்ட்ரேஸில் குறைவு. நாலைந்து தலைமுறையில் வாடையைக் குறைத்துவிடலாம் என்றுதான் தோன்றும்.

இங்கேதான் சிக்கல். அதைப் புரிந்துகொள்ள ஒரு வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். விதைக்குள் கொலஸ்ட்ராலில் இருந்து ப்ரெக்னனோலோன் என்ற பொருள் உருவாகிறது, அதுதான் தலைவாய்க்கால். அது ஒரு இடத்தில் பிரிகிறது. ஒரு கிளை டெஸ்டோஸ்டெரோனுக்குப் போய், அங்கிருந்து ஈஸ்ட்ரோஜனுக்கும் போகிறது, ஆண் பன்றியின் விதை ஈஸ்ட்ரோஜனையும் ஏராளமாகச் சுரக்கிறது. மற்ற கிளை ஆண்ட்ரோஸ்டெனோனுக்குப் போகிறது. பிரியும் இடத்தில் மடை மாதிரி ஒரு என்சைம், அதற்கு உதவியாக சைட்டோகுரோம் பி5 என்ற புரதம். அந்தப் புரதம் மிகுதியாக இருந்தால் தண்ணீர் வாடைப் பக்கம் அதிகம் பாயும். இவை எல்லாவற்றுக்கும் மேலே, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தலைமதகை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்று தீர்மானிக்கிறது.

இப்போது கொழுப்பை மட்டும் அளந்து, வாடை குறைந்த பன்றியைப் பொறுக்குகிறோம் என்று வையுங்கள். அது ஏன் குறைவு? கிளை மடை சின்னதாக இருப்பதால் இருக்கலாம். அல்லது தலைமதகே சரியாகத் திறக்காததால் இருக்கலாம், அந்தப் பன்றி இன்னும் பருவத்துக்கே வராமல் இருக்கலாம். அளவைப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினால் நாம் பொறுக்குவது வாடை குறைந்த பன்றியை இல்லை, தாமதமாக வயசுக்கு வரும் பன்றியை. 1980களில் ஜெர்மனியில் இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பார்த்த சோதனையில் இதுதான் வெளிப்பட்டது: வாடை குறைந்த வரிசையில் பிறந்த பெட்டைகள் தாமதமாகப் பருவத்துக்கு வந்தன. ஆணில் மூடிய மதகு பெண்ணிலும் மூடிக்கொண்டது, ஏனென்றால் அந்தத் தலைமதகின் மரபணுக்கள் இரு பாலுக்கும் பொது. நார்வேயில் லாண்ட்ரேஸ், டியூரோக் பன்றிகளை வைத்துப் பார்த்தபோதும், ஆண்ட்ரோஸ்டெனோனும் டெஸ்டோஸ்டெரோனும் ஈஸ்ட்ரோஜனும் மரபளவில் கையைக் கோத்துக்கொண்டுதான் ஏறி இறங்கின.

இதைக் கேட்டு அந்த வழியே வேண்டாம் என்று விட்டுவிடவும் தேவையில்லை. பிற்பாடு வந்த ஆய்வுகளில் விந்தின் தரத்தோடும் குட்டி எண்ணிக்கையோடும் இருந்த தொடர்பு பல வரிசைகளில் சிறியதாகத்தான் இருந்தது, இனத்துக்கு இனம் மாறவும் செய்தது. அப்படியானால் எந்த இடத்தில் கைவைக்கிறோம் என்பதுதான் கேள்வி. மதகில் கைவைத்தால் எல்லாக் கிளையும் காயும், கிளையில் கைவைத்தால் வாடை மட்டும் குறையும். விதையிலும் கல்லீரலிலும் ஆண்ட்ரோஸ்டெனோனோடு சல்ஃபேட்டைச் சேர்த்து, கொழுப்பில் தங்காமல் வெளியேற்றும் என்சைம்கள் இருக்கின்றன. அவற்றுக்கான மரபணுக்கள் பன்றியின் 6ஆவது குரோமோசோமில் இருக்கின்றன, வாடை அளவோடு தொடர்புடையதாகத் தெரிந்த பகுதியும் அதே குரோமோசோமில்தான். இங்கே பொறுக்கினால் இனப்பெருக்கத்துக்கு ஆபத்து குறைவு என்பது என் கணிப்பு.

ஸ்கடோல் பக்கம் இன்னும் சுலபம். அது விதையில் உருவாவதே இல்லை. பெருங்குடலில் பாக்டீரியாக்கள் ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும்போது வருகிறது, கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றுகிறது. பெட்டைக்கும் உருவாகிறது, ஆனால் அதன் கல்லீரல் சமாளித்துவிடும். ஆணில் மட்டும் ஏன் தேங்குகிறது என்றால், ஆண்ட்ரோஸ்டெனோன் கல்லீரலில் அந்த உடைக்கும் என்சைமின் உற்பத்தியை அமுக்கிவிடுகிறது. அந்த என்சைமின் மரபணு 14ஆவது குரோமோசோமில், நன்றாக வேலை செய்யும் வடிவத்தைப் பொறுக்கினால் பாலியல் ஹார்மோன்கள் பெரிதாக அசையாது. அதோடு தீனியும் கைகொடுக்கும், சிக்கரி வேரோ பச்சை உருளைக்கிழங்கு மாவோ கொடுத்தால் குடலில் ஸ்கடோல் குறைகிறது. நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு விஷயமும் முக்கியம்: பன்றிக்கு வியர்க்காது, கொட்டகையில் குளிர்ச்சி இல்லாவிட்டால் சாணத்திலும் மூத்திரத்திலும் புரண்டுதான் உடம்பைத் தணித்துக்கொள்ளும், அப்படிப் புரளும் பன்றியின் கொழுப்பில் ஸ்கடோல் ஏறுகிறது. மரபணுவைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீர் தெளிப்பானும் காற்றாடியும் செய்யக்கூடிய வேலை இது.

இனி என் மூக்கு விஷயம். 2007இல் வந்த ஆய்வு, ஆண்ட்ரோஸ்டெனோனை முகரும் ஏற்பி ஓஆர்7டி4 என்ற மரபணுவால் உருவாகிறது, மனிதருக்கு மனிதர் அதன் வடிவம் மாறுகிறது என்று காட்டியது. ஒரு வடிவம் இரட்டையாக உள்ளவர்களுக்கு மூத்திர நாற்றம் தூக்கலாக வரும், வேறு வடிவம் உள்ளவர்களுக்கு மெல்லிசாக, சிலருக்கு எதுவுமே வராது. என் மனைவி மிகைப்படுத்தவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. ஐரோப்பாவில் வெட்டுக்கூடங்களில் கொழுப்பைச் சுடவைத்து முகர்ந்து பார்க்க ஆட்களை நிறுத்துகிறார்கள், அந்த வேலைக்கு எடுக்கும்போது முதலில் பார்ப்பது இந்த வாடை மூக்கில் ஏறுகிறதா என்பதைத்தான்.

இங்கே பண்ணைகளில் பொதுவாக லாண்ட்ரேஸ், லார்ஜ் ஒயிட் கலந்த தாய்ப்பன்றிக்கு டியூரோக் ஆணின் விந்தைப் போடுகிறார்கள். அந்த டியூரோக்கின் பிள்ளைகள் ஆணும் பெட்டையும் ஒன்றுவிடாமல் கறிக்குத்தான் போகும், மகள்கள் எப்போது பருவத்துக்கு வருகிறார்கள் என்பது அங்கே யாருக்கும் நஷ்டமில்லை. அதனால் வாடைக்காகக் கறாராகப் பொறுக்குவதை அந்த அப்பன் வரிசையில் வைத்துக்கொள்ளலாம், அதன் விந்து கெடாமல் பார்த்துக்கொண்டால் போதும். தாய் வரிசைக்கு ஆண் பன்றி வாங்குகிறவர்தான் கேட்டு வாங்க வேண்டும்: இதன் கொழுப்பில் வாடை எவ்வளவு என்று சொல்லிவிட்டீர்கள், இதன் மகள்கள் எத்தனை நாளில் முதல் பருவத்துக்கு வந்தன, முதல் ஈற்றில் எத்தனை குட்டி போட்டன, அந்தக் கணக்கையும் காட்டுங்கள்.