செட்டிங்: அரங்கமைப்பு

நாடகக்காரர்கள் 'சீன் செட்டிங்' என்பதை விமரிசகர்கள் 'பின்னணி' என்று எழுதிவிடுகிறார்கள். அது பொருந்தாது. பின்னணி நடிகருக்குப் பின்னால் நிற்பது. செட்டிங் அவரைச் சுற்றியும் மேலேயும் நிற்கும், சமயத்தில் அவர் வழியையே மறிக்கும். கதை நடக்கும் ஊரும் காலமும் களம். மேடையில் கட்டி ஒளியூட்டி நிறுத்துவது அரங்கமைப்பு.

'சீன்' கிரேக்க மொழியின் 'ஸ்கீனி'யிலிருந்து வந்தது. பொருள்: கூடாரம், குடில். நடிகர்கள் முகமூடி மாற்ற ஒதுங்கிய அந்தக் குடில்தான் பின்னாளில் அரண்மனை முகப்பானது. கிரேக்க நாடகத்தில் கொலை அதன் கதவுக்குள்ளே நடக்கும், பிணம் மட்டும் உருளும் மேடையில் வெளியே வரும். ('சீன் போடுறான்' என்பதும் இதன் பேரப்பிள்ளைதான்.) சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஏழு கோல் (அளவுகோல்) அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என அரங்குக்கு அளவு தருகிறது. மூன்று வகை எழினி (திரை), தூண் நிழல் அரங்கில் விழாத விளக்கு என்று அதிலேயே உண்டு. ஆகவே 'அரங்கமைப்பு' என்ற சொல்லுக்குள் திரையும் ஒளியும் அடக்கம்.

நவீனத் துன்பியலில் இது எப்படிப் பொருள் தருகிறது என்பதற்கு ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' போதும். 1949 பிப்ரவரி 10, நியூயார்க், மொராஸ்கோ அரங்கு. இயக்கம் எலியா கசான், அமைப்பு ஜோ மீல்சினர். ப்ரூக்ளினில் நாடகத்தின் நாயகன், வயதான விற்பனையாளர் வில்லி லோமனின் வீடு, சுவர் எழுப்பாத வெறும் சட்டகமாக நிற்கும். சுற்றிலும் அடுக்குமாடிகள் நெருக்கும். சமையலறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு ஃபிரிட்ஜ், அவ்வளவே. அந்த ஃபிரிட்ஜுக்குத் தவணை 16 டாலர் பாக்கி. கடன் தீருமுன்பே பழுதாகும் பொருள் அது. அதை மேடையிலிருந்து எடுத்துவிட்டால் வில்லியின் பாதிப் புலம்பலுக்குக் கால் இல்லை.

சுவர் விதிதான் இதில் உயிர். நிகழ்காலத்தில் எல்லோரும் கதவு வழியாகவே வர வேண்டும். கடந்த காலத்தில் சுவர்க்கோட்டைத் தாண்டி முன்மேடைக்கு வரலாம். அப்போது இலை நிழல்கள் வீட்டின் மேல் விழ, சுற்றியுள்ள அடுக்குமாடிகள் மங்கும். வீட்டின் மேல்தளக் கட்டில்களுக்குள் மீல்சினர் ரகசிய லிஃப்ட் வைத்தார்: படுத்திருந்த வில்லியின் மகன்கள் கண்ணில் படாமல் இறங்கி, சிறுவர்களாக வேறு வழியில் வந்துவிடுவார்கள். 'இருபது ஆண்டுகளுக்கு முன்' என்று யாரும் அறிவிக்க வேண்டியதில்லை.

கெடுவதும் இங்கேதான். முழுச்சுவர் எழுப்பினால் தாண்ட ஒன்றுமில்லை. கடந்த காலம் சினிமா 'ஃபிளாஷ்பேக்' ஆகிவிடும், வில்லியின் மூளைக்குள் நடப்பதாகத் தெரியாது. சுவருக்குப் பதில் வலைத்திரை (ஒளிக்கேற்ப மறைக்கவும் காட்டவும் செய்யும் மெல்லிய வலைத்துணி) வைப்பவர்கள் முன்விளக்கைத் தாழ்வாக வைத்துச் சொதப்புகிறார்கள்: ஒளி திரையை ஊடுருவிப் பின்னால் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். விளக்கு செங்குத்தாக மேலிருந்து விழுந்தால் திரை சுவர்போல நிற்கும். அதை அணைத்துப் பின்விளக்கை ஏற்றினால் கண்ணாடியாகும். நிகழ்காலத்திலும் அடுக்குமாடிகள் மங்கலாகவே கிடந்தால், தன்னை அடைத்துவிட்டார்கள் என்று வில்லி கத்துவது கிழவனின் முணுமுணுப்பாகத்தான் கேட்கும்.

சுவர்க்கோட்டை முதல் ஒத்திகையிலேயே தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிட வேண்டும். செட் வந்த பிறகு பழக்கினால், நிகழ்காலக் காட்சியில் யாராவது ஒருவர் கட்டாயம் சுவர் வழியே நடந்துவிடுவார்.