ஒரே தோட்டா, இரண்டு தொண்டை

.223 ரெமிங்டன், 5.56 நேட்டோ. இரண்டு தோட்டாவையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பித்தளைக் கூட்டின் வெளி அளவு ஏறக்குறைய ஒன்றேதான். முதலாவது அமெரிக்க வேட்டைக்காரர்களும் குறிசுடும் போட்டிக்காரர்களும் கடையில் வாங்குவது. இரண்டாவது, நேட்டோ படைகள் 1980-இல் பொதுத் தோட்டாவாக ஏற்றுக்கொண்டது.

ஒன்றின் துப்பாக்கியில் மற்றதைப் போட்டால்? உள்ளே போகும், பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டும் மூடிக்கொள்ளும். வில்லங்கமே அங்கேதான்.

குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழிக்குச் சேம்பர் என்று பெயர். சுட்டதும் மருந்து எரிந்து வாயு பொங்கும். பித்தளைக் கூடு உப்பி, சேம்பர் சுவரோடு அப்பிக்கொண்டு, வாயு பின்னால் கசியாமல் அடைக்கும். அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி விடுபடும். இதுவரை இரண்டு சேம்பருக்கும் பெரிய பேதமில்லை. பேதம் கூட்டின் வாய்க்கு முன்னால். குண்டைச் சுழற்றும் சுருள் பள்ளங்கள் தொடங்குமுன் வழவழப்பான சிறு இடம் ஒன்றை விட்டிருப்பார்கள். தொண்டை என்று வைத்துக்கொள்வோம். .223-இல் அது சுமார் 0.6 மி.மீ., 5.56-இல் சுமார் 1.4 மி.மீ. ஒரு ஏடிஎம் அட்டையின் கனம்தான் வித்தியாசம்.

அந்த அட்டைக் கனம் என்ன செய்துவிடும்? குண்டு, பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடுகளைவிடச் சற்றே பருமன்; அவை அதன் செம்பு உறையில் பதிந்தால்தான் முன்னே நகரும். வாய்க்கால் தாண்டுகிறவன் இரண்டெட்டு பின்வாங்கி ஓடி வருவதுபோல, தொண்டை நீளமாக இருந்தால் குண்டு ஓட்டமெடுத்து மோதும். குட்டையாக இருந்தால் எடுத்த எடுப்பிலேயே முட்டித் தயங்கும். மருந்தோ, அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும் சரக்கு.

.223-க்கு அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கமான சாமி (நம் ஊர் சாமி அல்ல) வைத்த உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. காற்றழுத்தத்தைப்போல் 3,700 மடங்கு. நேட்டோவின் எண் சுமார் 62,000. ஆனால் இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது: சாமி கூட்டின் நடுவில் அளக்கிறது, நேட்டோ கூட்டின் வாயருகே அளக்கிறது. ஒருவருக்கு அக்குளிலும் இன்னொருவருக்கு நாக்கடியிலும் காய்ச்சல் பார்த்த கதை.

எப்படி அளந்தாலும், நீளத் தொண்டையை நம்பிச் செய்த 5.56 குட்டைத் தொண்டையில் அழுத்தத்தை எகிறவைக்கும். ஆகவே .223 சேம்பரில் 5.56 போடாதே என்கிறது சாமி. போட்டால் துப்பாக்கி வெடித்துச் சிதறும் என்றில்லை. பெரும்பாலும் கூட்டின் அடியிலுள்ள பிரைமர் எனும் சிறு மூடி கழன்று விசைக்குள் விழுந்து சிக்கிக்கொள்ளும். இல்லையென்றால் காலிக் கூடு சேம்பரை விட்டு வர அடம்பிடிக்கும். மாற்றிப் போட்டால், அதாவது 5.56 சேம்பரில் .223, ஆபத்தில்லை. என்ன, 5.56-இன் தொண்டை நீளத்தோடு அகலமும் சற்று கூடுதல் என்பதால் குண்டு கொஞ்சம் தள்ளாடி, குறி லேசாகப் பிசகலாம்.

இரண்டுக்கும் நடுவில் வழி கண்டவர் பில் வைல்ட் என்ற துப்பாக்கிக் கைவினைஞர். நேட்டோவைப் போன்ற நீளம், ஆனால் குண்டைப் பிடித்தாற்போன்ற விட்டம். .223 வைல்ட் சேம்பர் இரண்டையும் ஏற்கும். எனக்கு இதுதான் மூன்றிலும் அழகான விடை.

.308 வின்செஸ்டர், 7.62 நேட்டோ ஜோடியில் சிக்கல் வேறு. ராணுவச் சேம்பர் சற்று நீளம். கடைத் தோட்டாவின் மெல்லிய கூடு அதில் இழுபட்டு அடிப்பக்கம் நைந்துபோகலாம்.

அப்புறம், எந்தச் சேம்பர் என்பது பெரும்பாலும் குழலிலேயே பொறித்திருக்கும். தோட்டாவின் அடியில் வட்டத்துக்குள் கூட்டல் குறி தெரிந்தால் அது நேட்டோ சரக்கு.