கயிறு தளரும் அந்த நொடி

"60 கிலோ ஆள் 400 கிலோ குதிரையை ஒற்றைக் கயிற்றில் எப்படி நடத்திக்கொண்டு போகிறார்?" அந்தியூர் குதிரைச் சந்தையைப் பார்த்துவிட்டு வந்த வாசகர் ஒருவரின் கேள்வி இது.

இழுபறி என்று வந்தால் குதிரைதான் ஜெயிக்கும். ஆகவே இதில் பலத்துக்கு வேலையில்லை.

குதிரை ஓடித் தப்பிப் பிழைத்த விலங்கு. பக்கவாட்டுக் கண்களால் ஏறக்குறைய 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. அதனால்தான் பழகியவர்கள் குரல் கொடுத்தபடி தோள் பக்கமாக நெருங்குகிறார்கள். சரி, கயிற்றுக்கு வருவோம்.

கயிற்றை லேசாக முன்னால் இழுத்தால் காதுகளுக்குப் பின்னால் தலைக்கயிறு அழுத்தும். ஈ உட்கார்ந்த இடத்தை மட்டும் தனியாகச் சிலிர்த்துக்கொள்ளும் தோல் அது. இந்த அழுத்தம் அதற்குத் தாராளம். குதிரை தலையை ஆட்டும், திமிறும். ஏதேதோ செய்து பார்த்துவிட்டு ஒரு கால் முன்னால் வைக்கும். அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். எதைச் செய்தபோது அழுத்தம் போனதோ, அடுத்த முறை அதைச் சீக்கிரமே செய்யும். உளவியலில் இதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். பலர் இதைத் தண்டனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். தண்டனை ஒரு செயலைக் குறைக்கும், இது கூட்டும்.

எனக்கு இதில் பிடித்ததே அந்த நேரக்கணக்குதான். மூன்று நொடி தாமதித்தால் குதிரை அதற்குள் வேறெதையோ செய்திருக்கும், அதைத்தான் கற்றுக்கொள்ளும். திமிறும்போது பயந்து தளர்த்தினால் திமிறக் கற்கும். முரட்டுக் குதிரை என்று பெயர் வாங்கியவற்றில் பல இப்படி உருவானவையே.

அப்புறம் கயிறு இறுகக்கூட வேண்டியதில்லை, நாம் அடியெடுத்து வைத்தாலே கூட வரும். நம் உடலின் சின்ன அசைவையும் குதிரை கவனிக்கும். பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குக்குக் குளம்பைத் தட்டி விடை சொன்னது. சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை தன்னையறியாமல் இம்மியளவு நிமிர்ந்தது. அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது என்று உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907இல் காட்டினார். விடை தெரியாதவர் கேட்டபோது ஹான்ஸ் தோற்றது.

கயிற்றை மட்டும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். குதிரை மிரண்டு ஓடினால் விரல் போய்விடும். மடித்துப் பிடியுங்கள்.

நம்மூரில் இன்னமும் சுழி பார்த்துக் குதிரைக்கு விலை பேசுகிறார்கள். முடி வளரும் திசைக்காக நல்ல குதிரைகளை ஒதுக்குவது எனக்கு வேதனையாக இருக்கிறது. அடுத்த ஆடியில் சந்தைக்குப் போனால், நடந்து வரும் குதிரைக்கும் ஆளுக்கும் நடுவே கயிறு எவ்வளவு தொய்ந்து கிடக்கிறது என்று பாருங்கள்.